அலங்கைப் படித்துச் சொல் சேர்த்த ஒரு வகுப்பு: நிகழ்வு ஆய்வு

பின்னணி

மேலூர் வட்டத்தில், மலைப்பாறைகள் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் உள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி அது. நான்காம், ஐந்தாம் வகுப்புகளை ஒரே அறையில் வைத்து ஓர் ஆசிரியை நடத்துகிறார். இரண்டு வகுப்பும் சேர்ந்து இருபது சொச்சம் பிள்ளைகள். பெற்றோர் பெரும்பாலும் விவசாயக் கூலிகள் அல்லது கட்டட வேலைக்குப் போகிறவர்கள். வெளியூரில் வேலை பார்க்கும் பெற்றோரின் பிள்ளைகள் அப்பத்தா வீட்டில் தங்கிப் படிக்கிறார்கள். இங்கே பதிவாவது 2024–25 கல்வியாண்டின் இரண்டாம் பருவத்தில் நடந்தது. வட்டார வள மையத்தின் ஆசிரியப் பயிற்றுநராக நான் அந்த வகுப்பில் அவ்வப்போது உட்கார்ந்து கவனித்தேன். பாடத்தை எடுத்தவரும் முடிவுகளை எடுத்தவரும் ஆசிரியைதான்.

அவர் என்னிடம் சொன்ன குறை எளிமையானது. "வாசிக்கிறாங்க சார், தட்டுத் தடுமாறாமத்தான் வாசிக்கிறாங்க. முடிச்சதும் என்னடா படிச்சேன்னு கேட்டா முழிக்கிறாங்க." எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை அந்த அறையில் இரண்டு மூன்றுதான். மற்றவர்களுக்கு எழுத்தில் சிக்கல் இல்லை. வாக்கியத்துக்குள் முன்பின் தெரியாத சொல் நாலு வந்துவிட்டால் அதற்கு மேல் பொருள் ஓடவில்லை.

ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பக்கத்திலுள்ள அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் சுமார் 193 ஹெக்டேர் பரப்பைத் தமிழக அரசு 2022 நவம்பரில் மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அலங்கு (எறும்புத்தின்னி), தேவாங்கு, மலைப்பாம்பு ஆகியவை அங்கே வாழ்வதை அரசின் அறிவிப்பே சொல்கிறது. ஆனால் வகுப்பறைச் சுவரில் தொங்கிய விலங்குப் படத்தில் இருந்தவை சிங்கம், வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி.

முதலில் கண்டது

பருவத் தொடக்கத்தில் புலியைப் பற்றிய சிறு பத்தி ஒன்றை ஆசிரியை வாசிக்கக் கொடுத்தார். "புலி தன் இரையைப் பதுங்கியிருந்து தாக்கும்" என்ற வாக்கியம் அதில் இருந்தது. பத்திக்குப் பிறகு வழக்கம்போல் கரும்பலகையில் சொல்–பொருள் பட்டியல். இரை என்றால் உணவாகும் விலங்கு, பதுங்குதல் என்றால் மறைந்திருத்தல், வாழிடம் என்றால் வாழும் இடம். பிள்ளைகள் நோட்டில் அழகாக எழுதிக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொரு சொல்லையும் வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார்.

ஒரு மாணவியின் நோட்டில் இருந்ததை அப்படியே தருகிறேன்: "நான் இரை பார்த்தேன். நான் பதுங்குதல் பார்த்தேன். நான் வாழிடம் பார்த்தேன்." அவள் மட்டும் இல்லை. கிட்டத்தட்ட அந்த வரிசை முழுக்கவே எல்லாவற்றையும் பார்த்திருந்தது. பொருள் தெரியாமலேயே இலக்கணப் பிழை வராமல் தப்பிக்கப் பிள்ளைகள் கண்டுபிடித்த வழி அது. இப்படி எழுதிய நோட்டுக்கும் நாம் சரி போட்டுவிடுகிறோம். சொல்–பொருள் எழுதுவது நம் பள்ளிகளில் பெரும்பாலும் கையெழுத்துப் பயிற்சியாகவே முடிகிறது என்பது என் எண்ணம்.

இன்னொரு பையன் "புலியின் இறை மான்" என்று எழுதியிருந்தான். மான் புலிக்குக் கடவுளாகிவிட்டது. எங்கள் பக்கப் பேச்சில் இரண்டு ரகரமும் ஒன்றுபோலவே ஒலிப்பதால், காதால் மட்டும் அறிந்த சொல்லை எழுதும்போது இப்படி ஆவது இயல்பு. ஆசிரியை சிவப்பு மை போடவில்லை. "சின்ன ர போட்டா புலி திங்கிறது, பெரிய ற போட்டா சாமி" என்று சொல்லி இரண்டையும் பெரிதாக எழுதி மாட்டினார். பருவம் முடியும் வரை அந்த அட்டை அங்கேயே இருந்தது.

அடுத்த வாரம் அதே சொற்களை வாய்மொழியாகக் கேட்டோம். இரை மட்டும் சிலருக்கு நினைவில் இருந்தது. அதுவும் தூண்டில் போடுகிற பிள்ளைகளுக்கு. அவர்கள் மண்புழுவைச் சொன்னார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு விலங்குகளைத் தேர்ந்ததில். ஊரில் அல்லது ஊர் மலையில் இருக்கும் விலங்குகளிலிருந்தே தொடங்குவது என்றார் ஆசிரியை. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் பதில் கிடைக்கும், அந்தப் பேச்சில் சொல் மறுபடியும் காதில் விழும் என்பது அவர் கணக்கு. அலங்கு, முள்ளம்பன்றி, தேவாங்கு என்று மூன்றை எடுத்தார். நான் சேர்த்துச் சொன்னது ஒன்றுதான்: மூன்றும் இரவில் நடமாடுபவை, மூன்றும் ஏதோ ஒரு விதத்தில் தம்மைக் காத்துக்கொள்பவை. ஆகவே இரவாடி, பதுங்கு, தற்காத்துக்கொள், எதிரி, இரை போன்ற சொற்கள் மூன்று பத்தியிலும் தாமாகவே திரும்ப வரும். வாரம் ஒரு புதுத் தலைப்பு என்று யானை, மழை, தபால் நிலையம் எனத் தாவினால் ஒரு சொல் இரண்டாம் முறை கண்ணில் படவே மாதங்கள் ஆகும்.

இரண்டாவது, எந்தச் சொற்களைக் கற்பிப்பது என்பது. அமெரிக்க வாசிப்பு ஆய்வாளர் இசபெல் பெக் சொற்களை மூன்று அடுக்காகப் பிரிப்பார். அன்றாடப் பேச்சில் தானே வந்துவிடும் சொற்கள் முதல் அடுக்கு. பல பாடங்களிலும் எழுத்து நடையில் திரும்பத் திரும்ப வருபவை இரண்டாவது. ஒரு துறைக்கு மட்டும் உரியவை மூன்றாவது. பள்ளி உழைக்க வேண்டியது நடு அடுக்கில் என்பார். விலங்குப் பாடத்தில் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். விலங்கின் பெயரைச் சொல்லிக் கொடுத்துவிட்டுச் சொல் கற்றுக்கொடுத்ததாக நினைத்துக்கொள்கிறோம். பெயர் படத்தைப் பார்த்ததும் ஒட்டிக்கொள்ளும், அதற்குப் பாடம் வேண்டாம். தற்காத்துக்கொள், தவிர், சார்ந்திரு, பதுங்கு போன்ற வினைகள்தான் நாளை அறிவியலிலும் சமூக அறிவியலிலும் வரப்போகிறவை. ஆகவே ஒரு பத்திக்கு ஐந்து அல்லது ஆறு சொல், அவற்றில் பாதிக்கு மேல் வினை என்று வைத்துக்கொண்டோம்.

மூன்றாவது முடிவு பேச்சு நடை பற்றியது. பொருளை முதலில் பிள்ளைகள் தங்கள் பேச்சிலேயே சொல்லலாம், எழுத்து நடைக்கு மாற்றுவது மறுநாள் வேலை. பத்தியில் வளை என்று இருந்தால், பிள்ளை வங்கு என்றோ பொந்து என்றோ சொன்னால் அது சரியான விடை. சொல் அட்டையில் இரண்டும் இருக்கும்.

வாசிக்கப் புத்தகம் கிடைப்பதில் ஒரு சிக்கல். தமிழக அரசின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலையாக வந்த சிறு நூல்கள் பள்ளியில் இருந்தன. அவை பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தன. தொலைந்தால் இருப்புப் பதிவேட்டுக்கு யார் பதில் சொல்வது என்ற பயம், பள்ளிகளில் புதிதல்ல. தலைமையாசிரியரிடம் பேசி அவற்றை வெளியே எடுக்க நேரமாகும் என்பதால், மூன்று விலங்குகளுக்கும் ஆளுக்கு ஒரு பக்கப் பத்தியை ஆசிரியையே எழுதி, மேலூரில் ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டுவந்தார். நேரம் மதியச் சாப்பாட்டு மணிக்குப் பிந்தைய அரை மணி. பாடப்புத்தக வேலையில் கை வைக்கவில்லை.

அலங்கு

பத்தியை ஆசிரியை முதலில் உரக்க வாசித்தார். பிறகு இருவர் இருவராக அமர்ந்து பிள்ளைகள் வாசித்தார்கள். தலைப்பில் எறும்புத்தின்னி என்று இருந்தது. படத்தைப் பார்த்ததும் பின்வரிசையிலிருந்து "டீச்சர், இது அலங்கு" என்று ஒரு குரல். அன்றிலிருந்து வகுப்பில் அது அலங்குதான்.

பத்தியில் இருந்த செய்திகள்: அதன் உடம்பை மூடியிருக்கும் செதில்கள் நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டினால் ஆனவை. அதற்குப் பல் கிடையாது. நீளமான, பிசுபிசுப்பான நாக்கால் எறும்பையும் கறையானையும் நக்கி எடுக்கும். தாய் தன் குட்டியை வால் மேல் ஏற்றிக்கொண்டு நடக்கும். எதிரி வந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும்.

செதிலுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. எல்லோரையும் தங்கள் நகத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். மீன் கழுவும்போது அம்மா சுரண்டிப் போடுவதும் செதில்தான் என்று ஒரு சிறுமி சேர்த்தாள். தற்காத்துக்கொள் என்ற சொல்லுக்குத்தான் நேரம் பிடித்தது. ஆசிரியை பொருள் சொல்லாமல் கேள்வி கேட்டார். "நத்தை எப்படித் தற்காத்துக்கிரும்? கோழி? நீங்க வெயில்ல வந்தா?" கடைசிக் கேள்விக்குத் துண்டு, குடை, புங்க மர நிழல் என்று விடைகள் வந்தன. பதுங்கு என்ற சொல்லுக்கு ஆம்–இல்லை கேள்விகள். பூனை பதுங்குமா? பதுங்கும். கன்னுக்குட்டி? ஆளுக்கு ஒரு பக்கம் பேசினார்கள். பஸ் கண்டக்டர் பதுங்குவாரா? சிரிப்பு அடங்கியதும் ஒரு பையன், "அவரு பதுங்க மாட்டாரு டீச்சர், டிக்கெட் எடுக்காதவந்தான் பதுங்குவான்" என்றான். பொருள் வந்துவிட்டது என்று அங்கே தெரிந்தது. சொல்லை வைத்து ஒரு முடிவுக்கு வர வேண்டியிருந்தால் பிள்ளை பொருளைத் தேடிப் போகிறது. பட்டியலில் அந்த வேலையே இல்லை.

அன்றைய பேச்சில் மிக நல்ல வாக்கியம், எழுத்துக் கூட்டவே சிரமப்படும் ஒரு மாணவனிடமிருந்து வந்தது. சுருண்டுகொண்டால் சிறுத்தைகூடத் திணறும் என்று ஆசிரியை சொல்லிக்கொண்டிருந்தபோது அவன் குறுக்கிட்டான்: "சிறுத்தை விட்டுரும். மனுசன் அப்படியே தூக்கிச் சாக்குல போட்டுக்கிருவான்." உலகளவில் அலங்குகள் கடத்தலால் அருகி வருவதற்கான காரணத்தை அவன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். ஆசிரியை அதைக் கரும்பலகையில் அவன் சொன்னபடியே எழுதி, மறுநாள் எல்லோருமாகச் சேர்ந்து எழுத்து நடைக்கு மாற்றச் செய்தார்: "சுருண்டுகொள்வது விலங்குகளிடமிருந்து அலங்கைக் காக்கிறது. ஆனால் மனிதரிடமிருந்து காக்கவில்லை."

வீட்டிலிருந்து வந்த பேச்சு

அந்தச் சாக்குப் பேச்சு அத்தோடு நிற்கவில்லை. "எங்க சித்தப்பா உடும்பு புடிச்சிருக்காரு", "திருவிழாவுக்கு முயலு அடிப்பாங்க" என்று மறுநாள் தொடங்கிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு அது பெருமைக் கதை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அலங்கும் தேவாங்கும் முதல் அட்டவணையில் உள்ளவை. பிடிப்பதும் விற்பதும் கடுங்குற்றம். இதை வகுப்பில் மறைக்கவும் முடியாது, பிள்ளையின் வாயிலிருந்து வீட்டு விவகாரத்தைப் பிடுங்கவும் கூடாது.

ஆசிரியை எடுத்த முடிவு: யார் பிடித்தார், எங்கே, எப்போது என்ற கேள்வியை வகுப்பில் யாரும் கேட்பதில்லை. அவரும் கேட்க மாட்டார். சட்டம் என்ன சொல்கிறது என்பது எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லப்படும். அந்தக் கதைகளைச் சொன்ன பிள்ளைகளைக் குற்றவாளிபோல் பார்த்தால் அப்புறம் அவர்கள் வாயே திறக்க மாட்டார்கள், சொல் கற்பதும் அங்கேயே நின்றுபோகும் என்று அவர் சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பிள்ளைகள் எழுதிய வாக்கியங்களை மட்டும் வாசித்துக் காட்டினார். பெற்றோர் தரப்பில் ஒருவர் முகம் சுளித்தார். மற்றபடி பேச்சு எதுவும் இல்லை.

முள்ளம்பன்றி

இதில் வேலை எளிதாக இருந்தது. கடலைக் காட்டில் முள்ளம்பன்றி தோண்டிய குழியைப் பார்த்தவர்கள் வகுப்பிலேயே இருந்தார்கள். உதிர்ந்த முள் ஒன்றை ஒரு மாணவி கொண்டுவந்தாள். வெள்ளையும் கறுப்புமாய்ப் பட்டை பட்டையான அந்த முள் கைமாறிக் கைமாறிச் சுற்றியது. அது அம்புபோல முள்ளை எய்யும் என்று எல்லோருமே நம்பினார்கள். வீட்டில் அப்பத்தாக்களும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். பத்தியோ, முள்ளை எய்யாது, சிலிர்த்து நிற்கும், வாலைச் சடசடக்கும், பின்பக்கமாகப் பாய்ந்து குத்தும், முள் எளிதாகக் கழன்று எதிரி உடம்பில் தங்கிவிடும் என்று சொன்னது. இந்த முரண்பாட்டால் பத்தியை அவர்கள் மூன்று நான்கு முறை திரும்ப வாசித்தார்கள், யாரும் சொல்லாமலேயே. சிலிர்த்தல், கழல்தல் இரண்டும் நிலைத்தது இப்படித்தான்.

தேவாங்கும் ஒரு பட்டப்பெயரும்

தேவாங்கை இரண்டாவதாக எடுப்பதாக இருந்தது. கடைசிக்குத் தள்ளினார் ஆசிரியை. காரணம் ஐந்தாம் வகுப்பில் படித்த ஒல்லியான ஒரு பையன். கண் பெரியது. பட்டப்பெயர் தேவாங்கு. படத்தை எடுத்ததும் மொத்த வகுப்பும் அவனைப் பார்த்துச் சிரிக்கும் என்று தெரிந்தே இருந்தது. விட்டுவிடலாமா என்றும் யோசித்தார். ஆனால் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயம் 2022-இல் அமைக்கப்பட்டதும், நாட்டிலேயே தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம் அதுதான் என்பதும் பிள்ளைகள் அறிய வேண்டிய செய்தி. விடவில்லை.

படமில்லாமல், பெயருமில்லாமல் பத்தியை வாசித்தார். வால் கிடையாது, இரவாடி, கிளைவிட்டுக் கிளை மெதுவாக அடியெடுத்து வைக்கும், பூச்சிகளை இரையாகக் கொள்ளும், ஆபத்து என்றால் அசையாமல் நின்றுவிடும், டார்ச் வெளிச்சத்தில் கண்கள் கனல்போல மின்னும். என்ன விலங்கு என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆந்தை என்றார்கள், பிறகு மரநாய் என்றார்கள். பெயர் தெரிந்தபோது சிரிப்பு வரத்தான் செய்தது, எதிர்பார்த்ததைவிடக் குறைவாக. பையன் தலை நிமிரவில்லை. மறுநாள் அவன்தான் முதலில் கை தூக்கி, அசையாமல் நிற்பதும் தற்காத்துக்கொள்வதுதானா என்று கேட்டான். பட்டப்பெயர் மைதானத்தில் அதற்குப் பிறகும் தொடர்ந்தது. அதைப் பாடம் மாற்றியது என்று சொல்வதற்கில்லை.

பருவ இறுதியில்

நவம்பர் மழையில் பள்ளி அடிக்கடி விடுமுறை. அது போக, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்கு எதிரான போராட்டத்தில் வட்டாரமே கொதித்துக்கொண்டிருந்தது. வாழிடம் என்ற சொல்லை எத்தனையோ விதமாகச் சொல்லியும் பிடிக்காத பிள்ளைகள், டங்ஸ்டன், ஏலம், தீர்மானம், ரத்து என்று தாராளமாகப் பேசினார்கள். அரசியல் வேண்டாம் என்று ஆசிரியை அந்தப் பேச்சைத் தொடவில்லை. ஆனால் மலையைத் தோண்டினால் அலங்கு எங்கே போகும் என்று ஒரு சிறுமி கேட்டபோது, "அது இருக்கிற எடத்துக்கு என்ன பேரு?" என்று மட்டும் திருப்பிக் கேட்டார். வாழிடம் அன்றைக்குத்தான் பிடிபட்டது. ஏலத்தை ஒன்றிய அரசு 2025 ஜனவரி 23 அன்று ரத்து செய்தது.

இறுதியில் புதிய பத்தி ஒன்றைக் கொடுத்துச் சோதித்தோம். மறுபடியும் புலி. இம்முறை "பார்த்தேன்" வாக்கியங்கள் அநேகமாக இல்லை. "பூனை பல்லியைப் பிடிக்கப் பதுங்கியது", "மழையில் இருந்து தற்காத்துக்கொள்ள சாக்கைப் போட்டுக்கொண்டேன்" என்பவை நோட்டுகளில் இருந்தவை. புலி எப்படித் தற்காத்துக்கொள்ளும் என்ற கேள்விக்கு, "அது எதுக்குத் தற்காத்துக்கணும்? அதுகிட்ட இருந்துதான் மத்தது தற்காத்துக்கணும்" என்று ஒருவன் வாதாடினான்.

நிலைக்காதவையும் உண்டு. சார்ந்திரு, தவிர் இரண்டும் பெரும்பாலோருக்கு வரவில்லை. பத்திகளில் அவை இருந்தன. ஆனால் அவற்றை வைத்து வகுப்பில் வாதாட எதுவும் இல்லை, நடித்துக் காட்டவும் வழியில்லை. எழுத்துக் கூட்டச் சிரமப்பட்டவர்கள் பேச்சில் எல்லாச் சொல்லையும் பயன்படுத்தினார்கள், அட்டையில் பார்த்தால் இன்னும் தடுமாறுகிறார்கள். சொல் வளமும் எழுத்து வாசிப்பும் வேறு வேறு வேலைகள் என்பதால், அவர்களுக்குத் தனிப் பயிற்சி அப்படியே தொடர்கிறது. கயிற்றில் மாட்டியிருந்த சொல் அட்டை எல்லாம் இலையுதிர்ந்த மரம்போல் கழன்று கயிறு மட்டும் தொங்கிய நாளில் சொற்கள் மறந்துவிட்டனவா என்று பார்த்தோம். வினைகள் பெரும்பாலும் நின்றிருந்தன.

அடுத்த முறை மாற்ற இருப்பவை

பத்திக்கு ஆறு சொல் அதிகம். நான்கு போதும், சார்ந்திரு, தவிர் போன்ற கருத்துச் சொல் என்றால் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுக்கு வாதாடும்படியான கேள்வியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வகுப்பில் அந்த நேரத்தில் தோன்றாது.

வாசிப்பு இயக்க நூல்கள் பருவத்தின் கடைசி வாரங்களில்தான் பீரோவை விட்டு வெளியே வந்தன. ஒரு பழைய நோட்டில் பிள்ளைகளே பெயர் எழுதி எடுத்துப் போகிறார்கள். இரண்டு நூல்களின் அட்டை கிழிந்தது, தலைமையாசிரியர் பதிவேட்டில் அப்படியே குறித்துக் கையெழுத்துப் போட்டார். இனி ஜூன் மாதமே வெளியே எடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். மதுரை புது நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவுக்கு ஒரு நாள் கூட்டிப்போகவும் பேச்சு நடக்கிறது. வேன் வாடகைதான் தடை.

வேட்டைப் பேச்சு எழும் என்பதை எதிர்பார்த்து, முதல் பத்திக்கு முன்பே மேலாண்மைக் குழுவில் சொல்லிவிடுவது என்று முடிவு. பட்டப்பெயராகப் புழங்கும் விலங்கு எது எது என்றும் முதலில் விசாரித்துக்கொள்வார்கள். எருமை, பன்றி, குரங்கு என்று அந்தப் பட்டியல் எல்லா வகுப்பிலும் இருக்கும்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நடுநிலைப் பள்ளிக்குப் போய்விட்டார்கள். அவர்கள் கற்ற சொற்களின் பட்டியல் அந்தப் பள்ளியின் தமிழாசிரியரிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. நான்காம் வகுப்பில் இருந்தவர்களுக்கு அடுத்த தொகுப்பாகக் கண்மாய்ப் பறவைகளை எடுக்கலாம் என்று ஆசிரியை சொல்கிறார். நாரை, நீர்க்காகம், முக்குளிப்பான் மூன்றும் அவர் மனதில் இருப்பவை. மூன்றும் மீனை வெவ்வேறு விதமாகப் பிடிப்பவை என்பதால் வினைகளுக்குப் பஞ்சம் இருக்காது. கண்மாயில் தண்ணீர் நிற்கும் டிசம்பர் வரை காத்திருக்க வேண்டும்.